பார்டர் சுகர் வந்தபின் பருப்பை நிறுத்தலாமா?

செக்காலைக்காரன் (காரைக்குடி) | ஞாயிறு இரவு 9.40

வணக்கம். வயது 43, எடை 74, பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். தொப்பை என்று பெரிதாக எதுவும் இல்லை, ஆனால் இரண்டு வருடத்தில் பேண்ட் இடுப்பு இரண்டு அங்குலம் ஏறிவிட்டது. போன மாதம் வெறும் வயிற்றில் சுகர் 112, மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.0. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "பார்டர்ல இருக்கு, நடங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார், அவ்வளவுதான். வெளியே முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

விஷயம் என்னவென்றால், நாலு மாதமாக ஜிம் போகிறேன், அங்கே சொன்னார்கள் என்று புரோட்டீன் பவுடரும் குடிக்கிறேன், காலை ஒன்று மாலை ஒன்று. ரிப்போர்ட் வந்த அன்று ராத்திரி தூக்கம் வராமல் தேடிப் படித்ததில், லூசின், ஐசோலூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் ரத்தத்தில் அதிகமாக இருப்பவர்களுக்குத்தான் பின்னாளில் சர்க்கரை நோய் வருகிறது என்று இருந்தது. பவுடர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அதே மூன்று பெயரும் பெருமையாக அச்சடித்திருக்கிறது! பயந்துபோய் பவுடரோடு முட்டை, கோழி, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திப் பத்து நாள் ஆகிறது. இப்போது காலையில் ஐந்து இடியாப்பம் தேங்காய்ப்பாலோடு, மதியம் சோறு, ரசம், வெண்டைக்காய் மண்டி, அப்பளம், நாலு மணிக்கு டீயும் இரண்டு தேன்குழலும், ராத்திரி நாலு தோசை. பருப்பில்லாமல் எப்படி சாம்பார் வைப்பது என்று வீட்டில் தினமும் சண்டை. நான் செய்வது சரியா?

பளு77 | ஞாயிறு இரவு 10.15

அண்ணே, பவுடரை நிறுத்தினது பெரிய தப்பு. சாப்பாட்டுக்கு முன்னால் வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதம்) குடித்தால் சாப்பிட்ட பிறகு சுகர் குறைவாக ஏறுகிறது என்று ஆராய்ச்சியே இருக்கிறது. அமினோ அமிலம் இல்லாமல் தசை எங்கிருந்து வரும்? தசைதான் சுகரைத் தின்னும்.

மொளகாத்தூள் | ஞாயிறு இரவு 10.31

சுகருக்குப் பயந்து பருப்பை விட்டுவிட்டு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் தேன்குழலுமா! எங்க அப்பத்தா இருந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பார்.

பழைய வாத்தியார் (கோட்டையூர்) | திங்கள் காலை 5.50

செக்காலைத் தம்பிக்கு, முப்பது வருடம் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. 1969-இலேயே பிலிப் ஃபெலிக்கும் அவரோடு இருந்தவர்களும் பருமனான ஆட்களின் ரத்தத்தில் இந்த மூன்றும் கூடியிருப்பதையும், அது இன்சுலின் அளவோடு சேர்ந்தே கூடுவதையும் எழுதிவிட்டார்கள். அப்புறம் நாற்பது வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2011-இல் அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்விலிருந்து ஒரு கட்டுரை வந்தது: சுகர் நார்மலாக இருந்த 2,422 பேரைப் 12 வருடம் பின்தொடர்ந்ததில் 201 பேருக்கு நோய் வந்திருந்தது. நோய் வந்தவர்களின் பழைய ரத்த மாதிரியை எடுத்துப் பார்த்தால், வருடக்கணக்கில் முன்னாலேயே ஐந்து அமினோ அமிலங்கள் தூக்கலாக இருந்திருக்கின்றன. நீங்கள் சொன்ன மூன்று, அவற்றோடு டைரோசின், ஃபினைல்அலனின். சுகர் ஏறுவதற்கு வெகு முன்பே அடுப்படியில் ஏதோ தீய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் தட்டில் இருந்ததுதான் ரத்தத்தில் நிற்கிறது என்று நீங்களாக முடிவு கட்டிவிட்டீர்கள். அங்கேதான் தவறு.

சாப்பிட்ட புரதம் உடைந்து கல்லீரலுக்குப் போகும். மற்ற அமினோ அமிலங்களை அது பெரும்பாலும் அங்கேயே பிடித்துக்கொள்ளும். இந்த மூன்றை மட்டும் அதிகம் தொடாது, ஏனென்றால் இவற்றை உடைக்கும் முதல் படிக்கான நொதி கல்லீரலில் மிகக் குறைவு. அதனால் இவை நேரே தசைக்குப் போகின்றன. அங்கே நைட்ரஜன் கழன்று ஒரு கீட்டோ அமிலம் மிஞ்சும். அந்தக் கீட்டோ அமிலம் எரிய வேண்டுமானால் அடுத்த படியை, பிசிகேடிஎச் என்ற நொதிக் கூட்டை, கடந்தாக வேண்டும். அது ஒருவழிப் பாதை, உள்ளே போனது திரும்பாது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில், முக்கியமாகக் கல்லீரலிலும் கொழுப்புத் திசுவிலும், இந்த நொதி மந்தமாகிவிடுகிறது.

நம் ஊர் வீட்டு முற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில்தான் விழும், மூலையில் இருக்கும் தூம்பு வழியாகத் தெருவுக்குப் போகும். ஐப்பசியில் ஒருநாள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றால் பெரியவர்கள் முதலில் தூம்பில் என்ன அடைத்திருக்கிறது என்றுதான் குச்சியை விட்டுப் பார்ப்பார்கள். நீங்கள் மழையை நிறுத்தப் பார்க்கிறீர்கள்.

இன்னொன்று. ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தவருக்குக் காலை ஏழு மணிக்கு 112 எங்கிருந்து வந்தது? கல்லீரல் செய்தது. தசை கழற்றிவிட்ட நைட்ரஜனில் ஒரு பங்கு அலனின் என்ற வடிவில் கல்லீரலுக்கு வரும், கல்லீரல் அதிலிருந்து குளுக்கோஸ் செய்யும். உங்கள் ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி என்று ஒரு வரி இருக்குமே, அது இந்த அலனினைக் கையாளும் நொதிதான். இன்சுலினின் வேலைகளில் ஒன்று "போதும், செய்யாதே" என்று கல்லீரலுக்குச் சொல்வது. சொல் எடுபடாதபோது ராத்திரியெல்லாம் ஆலை ஓடுகிறது. ஆக, தேன்குழலை விட்ட மறுநாளே காலை சுகர் இறங்கவில்லை என்று சோர்ந்துவிட வேண்டாம்.

இப்போது நீங்கள் சாப்பிடுவதைக் கூட்டிப் பார்த்தேன். புரதம் ஒரு நாளைக்கு 40 கிராமைத் தாண்டாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்வது கிலோவுக்கு 0.83 கிராம், உங்களுக்கு 61. பருப்பை இன்றைக்கே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டிலும் சமாதானம் ஆகும்.

தேவகோட்டை மருமகள் | திங்கள் காலை 11.20

வாத்தியார் ஐயா சொன்னதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் மாமியாருக்கும் இதே பார்டர்தான். யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டுப் பருப்பு சேர்ந்தால் கிட்னி போகும், சுகர் ஏறும் என்று எட்டு மாதம் பருப்பு, முட்டை, மீன் எதையும் தொடவில்லை. ரசம் சாதம், மோர் சாதம், கஞ்சி. எடை நாலு கிலோ குறைந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். ஒருநாள் வளவுப் படியில் ஏறத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் கவனித்தேன், கெண்டைக்கால் சூம்பிப் போயிருந்தது. இடுப்பு அப்படியே இருக்கிறது! சுகர் பார்த்தால் 118-லிருந்து 131. குறைந்த நாலு கிலோவும் எங்கிருந்து போனது என்று அன்றைக்குப் புரிந்தது.

பிறகு கிட்னி டெஸ்ட் எடுத்து, அதில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொன்னபின் காலையில் ஒரு முட்டை, மதியம் கெட்டிப் பருப்பு, ராத்திரி பாசிப்பயறு அடை என்று கொடுக்க ஆரம்பித்தேன். இப்போது தூணைப் பிடிக்காமல் ஏறுகிறார். சுகர் இன்னும் முழுதாக இறங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாம்பல்மூடி | திங்கள் மதியம் 2.05

லேப் டெக்னீஷியன் பேசுகிறேன். அமினோ அமிலம் அளந்து பார்க்கலாமா என்று அடுத்த கேள்வி வரும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அது குழந்தைகளுக்குப் பிறவிக் கோளாறு பார்ப்பதற்கான டெஸ்ட், நம் ஊரில் எடுத்தால் வெளியூர் போய்த்தான் வரும், காசும் அதிகம், பார்டர் சுகருக்கு இத்தனை இருந்தால் நார்மல் என்று ஒரு அளவுகோலும் கிடையாது. அந்தக் காசில் வெறும் வயிற்று இன்சுலினும் கொலஸ்ட்ரால் ப்ரொஃபைலும் பாருங்கள். சுகரையும் இன்சுலினையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் ஹோமா என்று ஒரு எண் வரும், இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினின் சொல் உடம்பில் எடுபடாமல் போவது, எவ்வளவு என்று அது காட்டும். இன்சுலின் மெஷினுக்கு மெஷின் மாறும், அதனால் அடுத்த தடவையும் அதே லேபில் கொடுங்கள்.

ரத்தம் எடுத்த குழாயின் மூடி என்ன நிறம் என்றும் ஒருமுறை பாருங்கள். சுகருக்குச் சாம்பல் மூடி, உள்ளே ஃபுளோரைடு இருக்கும். வேறு குழாயில் எடுத்து, அணுக்களைத் தனியாகப் பிரிக்காமல் மேஜையில் இரண்டு மணி நேரம் கிடந்தால் ரத்த அணுக்களே சுகரைத் தின்றுவிடும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை. 112 வந்தது நிஜத்தில் 120-ஆகக்கூட இருக்கலாம். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு வெயிலில் பைக்கில் ஊரெல்லாம் சுற்றும் பையன்களைத் தினமும் பார்ப்பவன், அந்த வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

செக்காலைக்காரன் | திங்கள் இரவு 9.55

எல்லாருக்கும் நன்றி. மொளகாத்தூளுக்குத் தனி நன்றி, வீட்டில் காட்டினேன், பத்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். மூடி நிறம் கவனிக்கவில்லை, அடுத்த முறை பார்க்கிறேன்.

ஆனால் வாத்தியார் சார், ஒரு சந்தேகம். எலிகளுக்கு இந்த மூன்றையும் கொடுத்து இன்சுலின் எதிர்ப்பை வரவழைத்தார்கள் என்றும் படித்தேனே? அப்படியென்றால் மழைக்கும் பங்கு இருக்கிறது என்றுதானே ஆகிறது?

சிராங்கூன் பேரன் (சிங்கப்பூர்) | செவ்வாய் காலை 7.10

பூர்வீகம் பள்ளத்தூர், இங்கே மருந்து ஆராய்ச்சியில் வேலை. செக்காலை அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. வாத்தியாரின் தூம்பு உதாரணம் அழகாக இருக்கிறது, ஆனால் அது பாதிக் கதை.

அந்த எலி ஆய்வு 2009-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் நியூகார்டின் குழு செய்தது. கொழுப்புத் தீனியோடு இந்த மூன்றையும் சேர்த்துக் கொடுத்த எலிகள் குறைவாகத் தின்றன, சாதாரணத் தீனி தின்ற எலிகளின் எடையில்தான் இருந்தன. ஆனால் இன்சுலின் எதிர்ப்பு மட்டும் கொழுத்த எலிகளின் அளவுக்கு வந்துவிட்டது. காரணமாக அவர்கள் சொன்னது, லூசின் முதலானவை உயிரணுவுக்குள் எம்டார் என்ற புரதத்தை விடாமல் முடுக்குகின்றன, அதனால் இன்சுலினின் சேதியை உள்ளே கடத்தும் முதல் ஆளான ஐஆர்எஸ்-1 மீது தவறான இடத்தில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது, சேதி பாதியில் நிற்கிறது. எம்டாரை அடக்கும் ரப்பாமைசின் கொடுத்ததும் எதிர்ப்பு குறைந்தது. 2016-இல் இன்னொன்று: வாலின் உடையும்போது உண்டாகும் ஒரு பொருள் ரத்தக்குழாய்ச் சுவர் வழியாகக் கொழுப்பைத் தசைக்குள் கடத்துகிறது என்று கண்டார்கள். ஆக, நிற்கிற தண்ணீர் சும்மா நிற்கவில்லை, சுவரையும் அரிக்கிறது.

மரபணு ஆய்வுகளும் இரண்டு பக்கமும் பேசுகின்றன. 2016-இல் ஒன்று, இந்த மூன்றையும் உடைப்பதை ஒழுங்குபடுத்தும் பிபிஎம்1கே மரபணுவின் பக்கம் மாறுதல் உள்ளவர்களுக்கு நோய் வாய்ப்பு அதிகம் என்றது. அடுத்த வருடமே இன்னொன்று, இன்சுலின் எதிர்ப்புதான் முதலில், அமினோ அமிலம் ஏறுவது பின்னால் என்றது. எனக்கு இரண்டும் உண்மை என்றே படுகிறது. ஒன்றை ஒன்று தள்ளிவிடும் சுழல் இது.

பழைய வாத்தியார் | செவ்வாய் காலை 9.30

பேரன் சரியாகவே சொல்கிறார், ஒப்புக்கொள்கிறேன். அரிப்பதை நான் விட்டுவிட்டேன். ஆனால் அதே எலி ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது, அதை அவர் விட்டுவிட்டார்: சாதாரணத் தீனியோடு இந்த மூன்றையும் கொடுத்தபோது எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொழுப்போடு சேர்ந்தபோதுதான் வினை. தூம்பு சரியாக இருக்கும் வீட்டில் எவ்வளவு மழை பெய்தாலும் முற்றம் காய்ந்துவிடும்.

மனிதர்களில் குறைத்துப் பார்த்ததும் உண்டு. 2019-இல் ஜெர்மனியில் 12 சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வாரம் இந்த மூன்றையும் வெகுவாகக் குறைத்த உணவு கொடுத்தார்கள். உணவுக்குப் பின் சுரக்கும் இன்சுலின் குறைந்தது. ஆனால் ரத்த நாளத்தில் இன்சுலின் செலுத்தி அளக்கும் முறையில் பார்த்தால் உடம்பு இன்சுலினைக் கேட்கும் திறன் மாறவில்லை. அதற்கும் அவர்கள் தனியாகச் செய்த அமினோ அமிலக் கலவையைக் குடித்தார்கள், நம் தம்பி மாதிரி பருப்பை நிறுத்திவிட்டு இடியாப்பம் தின்னவில்லை.

பளு77 | செவ்வாய் மதியம் 1.15

அப்போ பவுடர் ஓகேவா இல்லையா? நேராக ஒரு பதில் சொல்லுங்கள் சார்.

பழைய வாத்தியார் | செவ்வாய் மதியம் 3.40

நேராகவே சொல்கிறேன். 30 கிராம் துவரம்பருப்பில் புரதம் ஏழு கிராமுக்குக் கிட்ட, அதில் லூசின் அரை கிராம் இருக்கும். அதுவும் நாரோடு மெதுவாக இறங்கும். உங்கள் பவுடர் ஒரு கரண்டியில் லூசின் இரண்டரை கிராம், தண்ணீரில் கரைத்துக் குடித்தால் கடகடவென்று ரத்தத்துக்கு வரும். நன்றாக ஓடி ஆடி எடை தூக்கும் 22 வயதுப் பையனுக்கு அதை எரிக்கத் தசை இருக்கிறது. 43 வயதில் நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்துவிட்டு, ஜிம்முக்கு வாரம் இரண்டு நாள் போய்விட்டு, ஞாயிற்றுக்கிழமை உப்புக்கறியும் கோழி வறுவலும் எண்ணெய் மிதக்கச் சாப்பிடுகிறவர் அதற்கு மேல் தினம் இரண்டு கரண்டி பவுடர் குடிக்கத் தேவையில்லை. விஷம் என்று சொல்லவில்லை, தேவையில்லை என்கிறேன். அமினோ அமிலத்தை மட்டும் தனியாகப் பிரித்து விற்கும் கலர் தண்ணீர்ப் பொடி இருக்கிறதே, அது இவருக்குச் சுத்தமாக வேண்டாம்.

நீங்கள் சொன்ன ஆராய்ச்சியும் உண்மைதான் தம்பி, லூசின் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், அந்த வேளைக்குச் சுகர் குறையும். அந்த வேலையை ஒரு அவித்த முட்டையும் ஓரளவுக்குச் செய்யும், முட்டையின் விலைக்கு.

சிராங்கூன் பேரன் | செவ்வாய் இரவு 8.20

இதில் வாத்தியாரோடு எனக்குச் சண்டை இல்லை. நம் ஆட்களுக்கு என்று ஒன்று மட்டும் சேர்க்கிறேன். லண்டனில் சபர் என்று ஒரு ஆய்வு, வெள்ளைக்காரர்களையும் நம் பக்கத்திலிருந்து போய்க் குடியேறியவர்களையும் 19 வருடம் பார்த்தது. ஐசோலூசின், ஃபினைல்அலனின், டைரோசின் எல்லாம் நம் ஆண்களுக்கே அதிகம். டைரோசின் ஏறியிருந்தால் அவர்களைவிட நமக்குத்தான் ஆபத்து கூடுதல். புனேயின் டாக்டர் யாஜ்னிக் 2004-இல் தன் படத்தையும் லண்டன் நண்பர் யட்கின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார், இரண்டு பேருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) ஒரே 22.3, உடம்புக் கொழுப்பு அவருக்கு 9.1 சதவீதம், நம் ஆளுக்கு 21.2. "தொப்பை என்று பெரிதாக இல்லை" என்று செக்காலை அண்ணன் எழுதினாரே, அந்த வரியைப் படித்ததும் இந்தப் படம்தான் ஞாபகம் வந்தது. டேப்பை எடுத்து அளந்து பாருங்கள், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80.

செக்காலைக்காரன் | செவ்வாய் இரவு 10.05

அளந்தேன். 96. இனி தொப்பை இல்லை என்று எழுத மாட்டேன்.

மூன்று மாதத்தில் வரச்சொன்னாரே, அதுவரை ஒன்றும் ஆகாது அல்லவா? மாத்திரை ஏதாவது இப்போதே ஆரம்பிக்கலாமா?

சாம்பல்மூடி | புதன் காலை 6.45

மாத்திரையை இங்கே கேட்காதீர்கள் அண்ணே, டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் ஒரு கணக்குச் சொல்கிறேன், சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு செய்தது, 2006-இல் வந்தது, நம் ஆட்களை வைத்தே எடுத்தது. குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்தில் சுகர் பார்டரில் இருந்த 531 பேர். வழக்கமான அறிவுரையோடு விட்டவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் வைத்தவர்களுக்கு 39. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 40. இரண்டையும் சேர்த்தாலும் 39-தான். உங்கள் டாக்டர் ஒரு நிமிடத்தில் சொன்னாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

தேவகோட்டை மருமகள் | புதன் மதியம் 12.40

அண்ணே, சமையல் பக்கம் நான் சொல்கிறேன், ஆச்சியிடம் காட்டுங்கள். இடியாப்பம் ஐந்தை இரண்டாக்கி, தேங்காய்ப்பாலுக்குப் பதில் முட்டைக் குழம்போ கடலைக் குருமாவோ. மதியம் முதலில் பொரியலும் பருப்பும் தனியாகச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோறு, எங்கள் மாமியாருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே சாப்பிட்டபின் சுகர் இறங்கியது. கவுனி அரிசி சுகருக்கு நல்லது என்று யாராவது சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு, அதில் எவ்வளவு சீனியும் தேங்காயும் நெய்யும் போட்டார்கள் என்று கேளுங்கள். கும்மாயமும் அப்படித்தான், உளுந்து இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், கருப்பட்டியும் நெய்யும் உளுந்தைவிட முன்னால் நிற்கும்.

மொளகாத்தூள் | புதன் மதியம் 12.52

கும்மாயத்தைப் பற்றித் தப்பாகப் பேசினால் இந்த இழையை விட்டே போய்விடுவேன்.

செக்காலைக்காரன் | மூன்று மாதம் கழித்து, சனி இரவு 9.15

பழைய இழையை மேலே கொண்டு வருவதற்கு மன்னிக்கவும், கேட்டவர்களுக்குச் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

அந்த வாரமே இன்சுலின் பார்த்தேன், 16 வந்தது. சாம்பல்மூடி சொன்னபடி 112-ஐப் பெருக்கி 405-ஆல் வகுத்தால் 4.4. எனக்கு அந்த எண் பிடித்தது, சுவரில் எழுதி வைத்தேன். காலையில் இரண்டு முட்டை, இரண்டு இடியாப்பம். மதியம் கெட்டிப் பருப்பு முதலில். ஜிம் வாரம் மூன்று நாள், எடை தூக்குவது மட்டும். ராத்திரி சாப்பிட்டதும் நூறடி ரோட்டில் இருபத்தைந்து நிமிடம், முதல் வாரம் தெரிந்தவர்கள் எல்லாம் வண்டியை நிறுத்தி "என்ன அண்ணே, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார்கள். நடுவில் மச்சினன் வீட்டு விசேஷத்தில் மூன்று நாள் எல்லாம் போயிற்று, கந்தரப்பம் எத்தனை என்று எண்ணவில்லை.

நேற்று ரிப்போர்ட், அதே லேப், மூடி சாம்பல் நிறம்தான், கேட்டே உட்கார்ந்தேன். வெறும் வயிற்றில் 103. இன்சுலின் 11, ஆக 2.8. இடுப்பு 92. எடை 72, இரண்டு கிலோதான் குறைந்தது. ஹெச்பிஏ1சி 5.9.

பழைய வாத்தியார் | ஞாயிறு காலை 5.55

ஹெச்பிஏ1சி 0.1 இறங்கியது மெஷினின் ஆட்டமாகக்கூட இருக்கலாம், அதை வைத்துக் கொண்டாட வேண்டாம். இடுப்பு நாலு சென்டிமீட்டர் இறங்கியதற்குக் கொண்டாடலாம், டேப் பொய் சொல்லாது. இன்சுலின் குறைந்ததும் நல்ல சேதி. அடுத்த மூன்று மாதம் விடாதீர்கள்.

பளு77 | ஞாயிறு காலை 10.30

சூப்பர் அண்ணே. மீதிப் பவுடர் இருந்தால் எனக்குக் கொடுங்கள், பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

செக்காலைக்காரன் | ஞாயிறு மதியம் 1.20

தாமதம் தம்பி. பவுடர் எங்கே போனது என்று எனக்கே தெரியாது, டப்பாவில் இப்போது மோர்மிளகாய் இருக்கிறது. மூடி இறுக்கமாம், நமத்துப் போகவில்லையாம், இன்னொரு டப்பா கிடைக்குமா என்று கேட்கிறாள்.